ஒன்பது மணிக்கு மாறும் டியூட்டி

அன்பு மகன் லோஜனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி சுலக்ஷனாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம், அங்கே கட்டார் வெயிலில் நீயும் உடம்பு வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி எழும்புகிறாய் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம். இவ்வளவு நீளமாக ஏன் கடிதம், போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். நீ முழித்திருக்கும் நேரம் நான் டியூட்டியில், நான் வீட்டில் இருக்கும் நேரம் நீ டியூட்டியில், இரண்டு பேரும் கிடைத்தால் சிக்னல் கிடைப்பதில்லை. பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் பைஸர் நானா புதன்கிழமை கட்டாருக்கு மகனைப் பார்க்க வருகிறார், அவர் கையில் கொடுத்துவிட ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆரம்பத்திலிருந்து வருகிறேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் மகன். எங்கள் தீயணைப்பு நிலையத்தில் இனிமேல் ஒரு நாள் டியூட்டி, இரண்டு நாள் ஓய்வு. டியூட்டி மாறுவது காலை ஒன்பது மணிக்கு. மூன்று மாதம் பரீட்சையாகச் செய்து பார்த்ததை நேற்று நகரசபைக் கூட்டத்தில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். பதினொரு உறுப்பினரும் கை தூக்கினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கையாக எண்ணினேன், நம்பிக்கை வராமல் திரும்பவும் எண்ணினேன்.

மார்ச் மாதம் நடந்த விபத்தைப் பற்றி உனக்கு நான் முழுக்கச் சொல்லவில்லை. வண்டி கொஞ்சம் மண்ணில் உரசிவிட்டது என்று மட்டும் சொன்னேன், தூர தேசத்தில் இருக்கிற பிள்ளை அதையே நினைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று. அந்த மாதம் ஒரு பொட்டு மழை இல்லை, மலை முழுக்க மானாப்புல் காய்ந்து கிடந்தது, யாரோ போடுகிற ஒரு பீடித் துண்டுக்கு ஒரு மலையே பற்றிக்கொண்டது. எங்கள் ஆட்கள் பத்துப் பத்துப் பேராக இரண்டு குழு, ஒரு நாள் முழுக்க டியூட்டி, மறுநாள் ஓய்வு என்பது பேப்பரில் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் ஓய்வில் இருந்தவர்களையும் நிலையத்துப் போனில் இருக்கும் நானேதான் எழுப்பிக் கூப்பிட்டேன். டிரைவர் வீரய்யா மூன்றாவது நாளாக வீட்டுக்குப் போகாமல் கொத்மலைப் பக்கம் ஒரு புல்வெளித் தீயை அணைத்துவிட்டுத் திரும்பி வரும்போது, பகல் பத்து மணி, நல்ல வெளிச்சம், ஒரு வளைவில் அவர் கண் மூடிவிட்டது. வண்டி பாதையை விட்டு இறங்கித் தேயிலைக்குள் போய் ஒரு சவுக்கு மரத்தில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் தேயிலை, இந்தப் பக்கம் பள்ளம். இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் உள்ளே இருந்த ஏழு பேரின் குடும்பத்துக்கும் நான்தான் போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஸஜ்ஜாத்துக்குக் காரை எலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. வீரய்யாவுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் அந்த மனுஷன் நிலையத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, "அக்கா, நான் தூங்கலக்கா, கண்ணு தானா மூடிக்கிச்சு, நான் தூங்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விசாரணை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து, குழாய் கழுவவும் சுருட்டவும் போட்டார்கள். பத்தொன்பது வருஷம் ஓட்டிய ஆள், வண்டி வெளியே போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. எங்கள் நகரசபைக்குப் புதிதாக வந்த செயலாளர் அம்மா, சிங்களவர், கறாரான மனுஷி, ஆனால் மனசில் நியாயம் உள்ளவர். விபத்து அறிக்கையை வாசித்துவிட்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எந்த மனிதனையும் இருபத்துநாலு மணி நேரம் வேலை வாங்கக் கூடாது, மே மாதத்திலிருந்து எட்டு மணி நேரம், மூன்று ஷிப்ட், காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று அறிவித்தல் பலகையில் போட்டுவிட்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது பேரில் பதின்மூன்று பேர் வெளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், மஸ்கெலியாவிலிருந்து, கொத்மலையிலிருந்து, ஒருத்தர் உடப்புசல்லாவையிலிருந்துகூட. ஸஜ்ஜாத் கையைத் துணியால் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு வந்து பலகையை வாசித்துவிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ராத்திரி பத்து மணிக்கு டியூட்டி முடிஞ்சா மஸ்கெலியாவுக்கு எந்த பஸ்ஸுக்கா இருக்கு? எட்டு மணி நேரம் வேல செஞ்சிட்டு எட்டு மணி நேரம் பெஞ்சில படுத்துக் கெடக்கணும். அதுக்குப் பேரு ஓய்வா?" டவுனுக்குள் வீடு இருக்கிறவர்களோ எட்டு மணி நேரம்தான் நல்லது, தினமும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பொறுப்பதிகாரி முத்துலிங்கம் சேர் இரண்டும் வேண்டாம், இருந்த முறையே இருக்கட்டும் என்றார். ஒரே கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்த இருபது பேர் இரண்டு கேத்தல் வாங்கி வைத்துவிட்டார்கள். மேற்கொண்டு நான் என்ன எழுத.

அந்த நேரத்தில்தான் நீ உன் கம்பனித் தீயணைப்புப் பிரிவின் ரோஸ்டரைப் படம் பிடித்து அனுப்பினாய், ஒரு நாள் டியூட்டி, இரண்டு நாள் ஓய்வு, மூன்று குழு. "அம்மா, இங்க இப்படித்தான், ஆளுங்க தெளிவா இருக்காங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசையாக இருந்தது, ஆனால் பயமாகவும் இருந்தது. எங்களிடம் இருப்பது இருபது பேர். மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு ஆறு பேர், மிச்சம் இரண்டு பேர். பத்துப் பேர் போகிற இடத்துக்கு ஆறு பேரா? இதை ஆசைப்பட்டுச் சொல்லக் கூடாது, தெரிந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பதினாறு வருஷமாக அந்த போனை எடுக்கிறேன். எந்த இடம், எத்தனை மணிக்கு அழைப்பு, எத்தனை மணிக்கு வண்டி கிளம்பியது, எத்தனை பேர் போனார்கள் என்று ஒவ்வொன்றையும் பெரிய சிவப்பு அட்டைப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் வேலை. எழுதி வைப்போமே தவிர திருப்பி யாரும் வாசிப்பதில்லை. அப்பாவிடம் சொன்னேன், இந்தப் புத்தகத்தைக் கணக்கெடுத்துப் பார்த்தால் என்ன, ஆனால் போன் எடுக்கிறவள் எதற்கு மூக்கை நுழைக்கிறாள் என்று பேசுவார்களே என்று. அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து வந்து தேயிலைத் தூசு படிந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "எழுதினது நீதானே, எழுதினவ வாசிக்கிறதுக்கு யாருகிட்ட உத்தரவு கேக்கணும்?" என்றார். அவ்வளவுதான்.

மற்ற ஷிப்டில் போன் எடுக்கும் ரபீக்காவும் நானும் சாப்பாட்டு நேரத்திலும் டியூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்தோம். அவள் வாசிக்க நான் கோடு போட்டேன். மூன்று வருஷப் புத்தகம், தீ, விழுந்த மரம், மண்சரிவு, குளவிக்கூடு எல்லாம் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் அழைப்பு. இரண்டு விஷயம் வெளியே வந்தது. ஒன்று, பத்துப் பேர் போகிறார்கள் என்பது வெறும் பேச்சு. காய்ச்சல், லீவு, உடம்பு முடியவில்லை என்று எப்போதும் இரண்டு மூன்று பேர் குறைவு, உண்மையில் போனது பெரும்பாலும் ஏழு பேர், பல நாள் ஆறே பேர். இரண்டாவது விஷயம் கண்ணில் பட்டபோது ரபீக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அழைப்பு வந்து எங்கள் வண்டி கிளம்ப எப்போதும் மூன்று நிமிஷம், அதிகம் போனால் நாலு. ஆனால் காலை ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை வந்த அழைப்புக்கு மட்டும் பன்னிரண்டு, பதினாலு, பதினேழு என்று கிடந்தது. ஏனென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். ஆறு மணிக்குக் குழு மாற வேண்டும். முடிக்கிற ஆட்கள் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க அஞ்சே முக்காலுக்கே சப்பாத்தைக் கழற்றிவிடுவார்கள், வருகிற ஆட்களின் பஸ் ஆறு நாற்பதுக்குத்தான் டவுனுக்கு வரும். நடுவில் நிலையத்தில் மூன்று பேர்கூட இருக்க மாட்டார்கள். தோட்டத்து லயங்களில் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுத்து வேலைக்குப் போவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிற நேரம் அதுதான். மூன்று வருஷத்தில் அந்த நேரத்தில் பதினொரு அழைப்பு. ஒரு அழைப்புக்கு இருபத்தாறு நிமிஷம் போயிருந்தது, அன்று ஒரு குடும்பம் வீடு முழுக்க இழந்தது, உயிர் போகாதது தெய்வாதீனம். அந்த இருபத்தாறை எழுதியது என் கை. அன்று அதை எழுதி மூடி வைத்துவிட்டு நான் சாப்பிடப் போயிருப்பேன்.

முதலில் முத்துலிங்கம் சேரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன், அவரைத் தாண்டிப் போவது முறை இல்லை. அவர் முழுக்க வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "ஆறு மணி விஷயம் சரி, அது எங்க எல்லாரோட தப்பும்தான். ஆனா மூணு குழுவுன்னு சொல்றீங்களே ஜீவராணி, ஆறு பேர அனுப்பி உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னா, அவன எடுக்க வெளிய ஆளு இல்லன்னா, யாரு பதில் சொல்லுவா? நீங்க போன்ல இருப்பீங்க. நான் அந்த எடத்துல இருப்பேன்." அவர் கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். ஒரு தடவை அவர் கண் முன்னால் ஒரு ஆள் கூரையோடு விழுந்திருக்கிறான். அவர் கேட்டதை வைத்துக்கொண்டு நானும் ரபீக்காவும் திரும்பவும் யோசித்தோம். மிச்சம் இருக்கும் இரண்டு பேரை லீவு எடுக்கிறவர்களுக்குப் பதிலாகப் போட்டால் குழு ஆறுக்குக் கீழே இறங்காது. ஏழு பேர் டவுனிலேயே இருக்கிறார்கள், பெரிய தீ என்றால் ஓய்வில் இருக்கும் டவுன் ஆட்களை நான் போன் போட்டுக் கூப்பிடலாம், பத்து நிமிஷத்தில் பின்னாலேயே வருவார்கள், அதற்கு முறை வைத்து ஒரு பட்டியல். குழு மாறுவதை வெளியூர் பஸ்ஸெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்குத் தள்ளலாம். வாரத்துக்கு எண்பத்துநாலு மணி நேரம் வேலை ஐம்பத்தாறாகக் குறையும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன், சுலக்ஷனா சிங்களத்தில் சுத்தமாக எழுதித் தந்தாள். சேர் அதையும் வாசித்தார். ஒப்புக்கொண்டேன் என்று சொல்லவில்லை. "கூட்டத்துக்கு நீங்களும் வாங்க, புத்தகத்தையும் தூக்கிட்டு வாங்க. நான் வேணாம்னுதான் சொல்லுவேன். நீங்க சொல்ல வேண்டியத நீங்க சொல்லுங்க" என்றார். அப்படிப்பட்ட மனுஷனை எதிர்த்துப் பேசுவதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து நடந்த கூட்டம் அது. செயலாளர் அம்மா எட்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசினார், முத்துலிங்கம் சேர் பழைய முறையைப் பற்றிப் பேசினார், உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு செயலாளர் அம்மா என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். நான் எழும்பி நின்றேன், சிங்களத்தில் அழைப்புப் புத்தகம் என்றேன். "ஹரி, கியன்ன" என்றார், சரி, சொல்லுங்கள் என்று. முதலில் நான் ஒரே ஒரு பக்கத்தைத்தான் திறந்தேன், அந்த இருபத்தாறு நிமிஷப் பக்கம். அழைப்பு காலை ஆறு மூன்று, வண்டி கிளம்பியது ஆறு இருபத்தொன்பது என்று வாசித்தேன். பிறகு மற்றப் பத்தையும் வாசித்தேன். எட்டு மணி நேர முறை வந்தாலும் காலை ஆறு மணிக்குத்தான் குழு மாறும், பொத்தல் அப்படியே இருக்கும், இரவு பத்து மணிக்கு இன்னொரு பொத்தல் விழும் என்று சொன்னேன். அப்போது ஒரு உறுப்பினர் எழும்பி, "ரெண்டு நாளு வீட்டுல படுத்துக் கெடக்கவா நாங்க ஆள் வச்சிருக்கோம்?" என்று தமிழில் கேட்டார், சிரிப்பு வந்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "இல்லீங்க ஐயா, மூணாவது நாளு முழிச்சிருக்கிறதுக்கு. ஒங்க வீட்டுக்கு வண்டி வரும்போது டிரைவர் முழிச்சிருக்கணுமா வேணாமாங்க?" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் அம்மா தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். தன்னுடைய உத்தரவைத் தானே அடித்துவிட்டு, மூன்று மாதம் இந்த முறையைப் பரீட்சை பார்க்கலாம், ஒரு தவறு நடந்தாலும் நிறுத்திவிடுவேன் என்றார். பெரிய நாற்காலியில் இருப்பவர்கள் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதே கூட்டத்தில் வீரய்யாவின் விஷயத்தையும் எடுத்து, மூன்று நாள் தொடர்ந்து ஓட்ட வைத்தது நிர்வாகத்தின் பிழை என்று பதிவு செய்து, திரும்ப ஓட்ட அனுமதி கொடுத்தார். அவருக்கு போன் போட்டு நான்தான் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதாக்கும் என்று வைக்கப் போனேன், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மே மாதம் முதலாம் திகதி தொடங்கினோம். முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் குழப்பம், ஒரு நாள் இரண்டு குழு வந்து நின்றது, ஒரு நாள் ஒருத்தர் தன் நாளை மறந்து வீட்டில் கரட் தோட்டத்தில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். சேர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தார். ஜூன் மாதம் மழை பிடித்தது, ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்துக்கு போன் அடித்தது. ஒத்தப்பாறைத் தோட்டம், மேல் டிவிஷன், ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீட்டு லயம். ஒரு பொம்பளைப் பிள்ளை, "நெருப்பு, நெருப்பு, பச்சப்புள்ள உள்ள இருக்கு" என்று கத்துகிறாள். நான் மணியை அடித்தேன். போன வருஷமாக இருந்தால் அந்த நேரம் நிலையத்தில் சப்பாத்தைக் கழற்றிய மூன்று பேர். அன்று ஆறு பேரும் சட்டை போட்டுத் தயாராக இருந்தார்கள், அவர்கள் டியூட்டி முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. புத்தகத்தில் எழுதினேன், வண்டி கிளம்பியது ஆறு பன்னிரண்டு. இரண்டே நிமிஷம். உடனே பட்டியலை எடுத்து டவுனில் இருந்த ஓய்வுக்காரர்களைக் கூப்பிட்டேன், நாலு பேர் தண்ணீர் பவுசரில் பின்னாலேயே ஏறினார்கள். வீரய்யாதான் முன் வண்டி. மழையில் அந்தத் தோட்டத்துப் பாதை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவு ஏழு, ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், ஒரு பக்கம் சறுக்கு. ஒரு இடத்திலும் தடுமாறாமல் லயத்து வாசலுக்கே ஏற்றிவிட்டார்.

மழைக்காலம் ஆனதால் அடுப்புக்கு மேலே பரணில் வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளை விறகுக்குக் காயப் போட்டிருக்கிறார்கள், அது பற்றிக் கூரைச் சட்டத்துக்கு ஏறி, தகரத்துக்கு அடியிலேயே வீட்டுக்கு வீடு ஓடியிருக்கிறது. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே எரிகிறது. மூன்றாவது வீட்டில் பிரியந்தி என்ற பிள்ளை, பிரசவமாகிப் பதினொரு நாள், குழந்தையோடு பின் அறையில், புகையில் கதவு எது என்று தெரியாமல். முத்துலிங்கம் சேர் வாசலில் நின்று நாலு பேரை இரண்டு பக்கமும் தண்ணீர் அடிக்க வைத்துவிட்டு, தானும் இன்னொருத்தரும் உள்ளே போயிருக்கிறார்கள். போனவர்கள் வெளியே வருவதற்கு முன்னால் பவுசர் வந்துவிட்டது, பின்பக்கச் சுவரை அதில் வந்த நாலு பேர் உடைத்து வழி எடுத்தார்கள். சேர் குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அந்த ஓட்டை வழியாக வந்தாராம், மற்றவர் பிரியந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு. நான் இதெல்லாம் பார்க்கவில்லை, வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு நாற்பத்தொன்றுக்குச் சேரின் குரல் வந்தது. இருமல், பிறகு, "தாயும் பிள்ளையும் வெளிய. எங்க ஆளுங்க எல்லாரும் வெளிய. எழுதிக்கங்க ஜீவராணி." நான் எழுதினேன். கையெழுத்து கோணல் மாணலாக இருக்கிறது, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பன்னிரண்டு வீட்டில் இரண்டு வீடும் மூன்றாவதின் கூரையும்தான் போனது. ஒரு உயிர் போகவில்லை. அந்த ஆறே முக்கால் மணிக்கு டவுனுக்கு மஸ்கெலியா பஸ் வந்து நின்றதை ஜன்னலால் பார்த்தேன் மகன், பழைய முறையில் எங்கள் ஆட்கள் அப்போதுதான் அதிலிருந்து இறங்கியிருப்பார்கள்.

அதன் பிறகு நேற்றைய கூட்டத்தில் நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. முத்துலிங்கம் சேர் அந்தக் கொப்பியோடு எழும்பினார். மூன்று மாதத்தில் ஒரு அழைப்புக்கும் வண்டி நாலு நிமிஷத்துக்கு மேல் தாமதிக்கவில்லை, சுகமில்லை என்று வராமல் விட்டவர்கள் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டார்கள், ஒரு நாளும் குழு ஆறு பேருக்குக் குறையவில்லை என்று வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படியாக, "நான் கேட்டது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்கு அந்தம்மா பதில் கொண்டாந்தாங்க, அவ்வளவுதான். இத நிரந்தரமாக்கணும்னு நான்தான் முன்மொழியிறேன்" என்றார். செயலாளர் அம்மா வழிமொழிந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் ஓய்வில் இருந்தவர்கள் எல்லாரும் வாசல் கேட்டடியில் நிற்கிறார்கள், டியூட்டியில் இருந்தவர்கள் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மணியை அடித்தார்கள். டவுன் ஆட்கள், பஸ் ஆட்கள் என்ற பேச்சே இல்லை. ஸஜ்ஜாத் ஆறின கையால் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். வீரய்யா என்ன சொன்னார் தெரியுமா. "அக்கா, போன வாரம் ஓய்வு நாள்ல மக பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஏழாம் வகுப்பு வந்துட்டா, டீச்சரு என்னைய இன்னைக்குத்தான் பாக்குறேன்னு சொல்றாங்க." சொல்லும்போது சிரித்தார், எனக்குத்தான் கண் கலங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை பிரியந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். பெயர் வைக்க வேண்டும், நீங்கள் சொல்லுங்கள் என்று சேரைக் கேட்டாள். அந்த உருட்டு மீசை மனுஷன் வெட்கப்பட்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

வீட்டு விஷயம் எழுத மறந்துவிட்டேன். அப்பாவுக்கு ஸ்டோரில் உருட்டு மெஷினிலிருந்து மாற்றி, தூள் சலிக்கிற அரிப்பு வேலை கொடுத்திருக்கிறார்கள், தோள் நோவு குறைவு. சுலக்ஷனாவுக்கு ஆசிரியர் கலாசாலை இரண்டாம் வருஷம், அவள் எழுதிய சிங்களத் தாளைச் செயலாளர் அம்மா பாராட்டினார் என்று ஒரு வாரமாக வீட்டில் அவளைக் கையால் பிடிக்க முடியவில்லை. பின்பக்கக் கூரைத் தகரம் மாற்றியாயிற்று, ஒழுகல் நின்றுவிட்டது. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பைஸர் நானாவின் மகன் சொன்னானாம், நீ கூட வேலை செய்கிறவனுக்காக அவன் டியூட்டியையும் சேர்த்து இரண்டு நாள் தொடர்ந்து நின்றாய் என்று. உதவி செய்வது நல்ல குணம்தான், உன் அப்பாவின் இரத்தம் அப்படித்தான் இருக்கும். ஆனால் ராசா, உனக்குக் கிடைத்த மாதிரி இரண்டு நாள் ஓய்வுக்காக இங்கே நாங்கள் ஐந்து மாதம் தொண்டை கிழியப் பேசியிருக்கிறோம். அதை நீ சும்மா தூக்கிக் கொடுக்காதே. தூங்க வேண்டிய நேரத்தில் போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கு. நூடில்ஸைச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு திரியாதே, பருப்பாவது போட்டு ஒரு பிடி சோறு ஆக்கு. தண்ணீர் நிறையக் குடி.

இன்னொரு சந்தோஷம். நேற்றுக் கூட்டம் முடிந்ததும் பக்கத்து டவுன் தீயணைப்பு நிலையத்திலிருந்து செயலாளர் அம்மாவுக்குப் பேசியிருக்கிறார்கள், அங்கேயும் இதே முறைக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்களாம், புத்தகத்திலிருந்து எப்படிக் கணக்கெடுத்தது என்று வந்து விளக்கிச் சொல்ல வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை போகிறேன். காலை பஸ்ஸில் போய் மத்தியானம் வந்துவிடுகிறேன் சேர் என்றேன். முத்துலிங்கம் சேர் முடியாது என்று சொல்லிவிட்டார். "வீரய்யா புது டயர் போட்ட வண்டிய ஓட்டிப் பாக்கணும்னு இருக்காரு, அந்தப் பக்கம்தான் போறாரு. முன் சீட்டுல ஒக்காந்து போங்க" என்றார். எத்தனை ஆயிரம் தடவை அந்த வண்டியை மணி அடித்து அனுப்பியிருப்பேன், ஒரு நாள்கூட அதில் ஏறியதில்லை மகன். நீல நிறச் சேலையைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். டவுனைத் தாண்டும் வரையாவது மணியை அடிக்க வேண்டும் என்று வீரய்யாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

நீ எந்த நெருப்புக்குள் போனாலும் போன கால் திரும்பி வர வேண்டும், உன்னோடு போகிறவர்களும் அப்படியே வர வேண்டும் என்று அம்மன் காலில் விழுந்து கேட்டுக்கொண்டேன். நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு இரு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தங்கச்சி அன்பு சொன்னாள். தீபாவளி லீவுக்கு இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடு, கடைசி நேரத்தில் கேட்டுக் கிடைக்கவில்லை என்று போன வருஷம் மாதிரிச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
க. ஜீவராணி
தீயணைப்பு நிலையம், காலை டியூட்டி